துருப்பிடித்த ஸ்டெகோசாரஸ் சிலை, கழன்ற முதுகுத் தகடுகள்: எப்படிச் சரி செய்வது?

பினாங்கு தோட்டக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் தஞ்சோங் பூங்கா என்கிற ஊரில் இருக்கிறோம், கடல் பக்கத்திலேயே. பழைய இரும்புக் கடை ஒன்றில் இரண்டு டைனோசர் சிலைகள் வாங்கினோம். ஒன்று ஸ்டெகோசாரஸ், ஐந்தடி நீளம். இன்னொன்று டி-ரெக்ஸ், என் இடுப்பு உயரம். இரண்டுமே தகடு வெட்டி வெல்டிங் செய்தவை, உள்ளே வெற்று. என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். சிலைகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

ஸ்டெகோசாரஸின் முதுகில் தகடுகள் இரண்டு வரிசையாக, ஜோடி ஜோடியாக இருந்திருக்கின்றன. வலது வரிசை உறுதியாக நிற்கிறது. இடது வரிசையில் பெரும்பாலானவை கழன்று கையோடு வந்துவிட்டன, மிச்சமும் ஆடுகிறது. வால் நுனி மண்ணில் படுகிற இடம் அரித்துப்போய், விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. வயிற்றில் பச்சை பெயின்ட் தோல் தோலாக உரிகிறது. டி-ரெக்ஸில் இப்படித் துரு இல்லை. பெயின்ட் போன இடமெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கிறது, மேலே வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தானா? எங்கிருந்து தொடங்குவது? தகடுகளை இருந்த மாதிரியே ஒட்ட வேண்டுமா?

பட்டர்வொர்த் பட்டறை:

தங்கச்சி, பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன்னால் தண்ணீர்க் குழாயைத் திறங்கள். கடற்காற்றில் வருகிற உப்பு இரும்பின் மேல் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். சோப்புத் தண்ணீர் போட்டு, வெல்டிங் இடுக்குகளில் பிரஷ் விட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். காய்ந்த பிறகு கை கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துருவை எடுக்கலாம். சாம்பல் இரும்பு தெரிந்ததும் இன்னொரு தடவை அலசித் துடைத்து, அன்றைக்கே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் வெறும் இரும்பை ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

வால் நுனியை எதுவும் தடவிக் காப்பாற்ற முடியாது. உதிர்கிற பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல இரும்பு வரும் இடத்திலிருந்து 2 மி.மீ. தகட்டில் புதிதாகச் செய்து ஒட்டுங்கள். முதுகுத் தகடுகளுக்கு 6013 வெல்டிங் ராடு, 2.5 மி.மீ., போதும். ஒரே இழுப்பாக ஓட்டாமல் புள்ளி புள்ளியாக வையுங்கள். 1.5 மி.மீ.க்கும் மெலிந்த தகடு என்றால் ஓட்டை விழும், கம்பி தானாக வரும் மிக் வெல்டிங் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவது நல்லது.

டி-ரெக்ஸ் துத்தநாகம் பூசிய தகடு. அந்த வெள்ளைப் பொடி துத்தநாகத்தின் துரு. அதை நீங்களாக வெல்டிங் செய்ய வேண்டாம். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

வர்ணக்கடை:

பட்டறை அண்ணே சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பழைய பெயின்ட் எந்தக் காலத்தது என்று தெரியாத வரை அதில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. பெயின்ட் ஒட்டியிருக்கிற இடத்தில் கிரைண்டர் வேண்டாம், தூசி வீடு முழுக்கப் பரவும். தண்ணீர் தொட்டு நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தேயுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, உரிந்ததை எல்லாம் கட்டி அப்புறப்படுத்துங்கள். நல்ல மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் போதாது. அந்த வேலை முடியும்வரை பையன் பக்கத்தில் வரக் கூடாது.

டி-ரெக்ஸுக்குச் சாதாரண எண்ணெய் எனாமல் நேராக அடித்தால் நிற்காது. துத்தநாகமும் அந்த எண்ணெயும் சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, பெயின்ட் முழுசாகக் கழன்று வரும். முன்னால் அடித்தவர்களுக்கு அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். துத்தநாகத் தகட்டுக்கென்றே பிரைமர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டெகோசாரஸுக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கை, மேலே எனாமல் இரண்டு கை.

பட்டர்வொர்த் பட்டறை:

சரிதான் தம்பி. பெயின்ட் உள்ள இடத்தில் ஈரத்தில்தான் தேய்க்க வேண்டும்.

எலும்புப் பித்தன், கோலாலம்பூர்:

அக்கா, வெல்டிங் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஸ்டெகோசாரஸின் தகடுகள் ஜோடி ஜோடியாக இருந்ததில்லை. இரண்டு வரிசை உண்டு, ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றாக, இடமும் வலமும் மாறி மாறி நிற்கும். 1877இல் இதற்குப் பெயர் வைத்த மார்ஷ், தகடுகள் ஓடு வேய்ந்த மாதிரி முதுகில் படுத்திருந்தன என்று முதலில் நினைத்தார். பிறகு 1891இல் வெளியிட்ட எலும்புக்கூட்டுப் படத்தில் ஒற்றை வரிசையாக நிறுத்தினார். 1914இல் கில்மோர் என்ற ஆய்வாளர் எலும்புகளை நன்றாக ஆராய்ந்து மாறி மாறி வரும் அமைப்பை உறுதிசெய்தார். தகடுகள் எலும்புக்கூட்டோடு ஒட்டாமல் தோலில் பதிந்திருந்தவை, அதனால்தான் இத்தனை குழப்பம்.

உங்களுக்கு இடது வரிசை கழன்றது ஒரு வகையில் வசதி. வலது வரிசையைத் தொடவே வேண்டாம். இடது வரிசையை அரைத் தகடு அளவு பின்னால் தள்ளி ஒட்டினால் போதும், சிலை சரியாகிவிடும். கழுத்தில் சின்னது, இடுப்புக்கு மேல் ஆகப் பெரியது, வாலை நோக்கி மறுபடி சிறுத்துக்கொண்டே போகும். நிஜ விலங்கில் பெரிய தகடு 60 செ.மீ. உயரம் இருந்தது.

இன்னொன்று, வால். புது நுனி செய்யும்போது தரையில் படும்படி செய்யாதீர்கள். டைனோசர்களின் காலடித் தடங்களில் வால் இழுபட்ட கோடு அபூர்வம். வாலைத் தூக்கித்தான் நடந்தன. நுனியில் நான்கு முட்கள், மேல்நோக்கி இல்லாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அல்லோசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசர் ஒன்றின் வால் எலும்பில் இந்த முள் குத்திய துளை கிடைத்திருக்கிறது, பையனிடம் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் பட்டறை:

தம்பி சொல்வது இரும்புக்கும் பொருந்தும். மண்ணில் படுகிற இடம்தான் எப்போதும் ஈரமாக இருக்கும், அரிப்பு அங்கேதான் தொடங்கும். வாலைத் தூக்குங்கள், நான்கு காலுக்கும் கீழே சிமென்ட் கட்டை வையுங்கள். வயிற்றிலும் பாதங்களிலும் ஆகத் தாழ்ந்த இடம் பார்த்து 8 மி.மீ. துளை போடுங்கள். இல்லையென்றால் உள்ளே தண்ணீர் தேங்கி துரு உள்ளிருந்தே தின்னும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும்.

பினாங்கு தோட்டக்காரி:

இத்தனை பேர் இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ரொம்ப நன்றி. டி-ரெக்ஸ் கங்காரு மாதிரி நிமிர்ந்து நிற்கிறதே, அதையும் மாற்ற வேண்டுமா? இரண்டையும் சண்டை போடுகிற மாதிரி எதிரெதிரே வைக்கலாமா? மலேசியாவில் டைனோசர் இருந்ததா என்றும் மகன் கேட்கிறான்.

எலும்புப் பித்தன், கோலாலம்பூர்:

மாற்ற வேண்டாம் அக்கா. வெட்டினால் துத்தநாகப் பூச்சு போய்விடும். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்கூட 1915இல் டி-ரெக்ஸை இப்படி நிமிர்த்தித்தான் வைத்தார்கள். 1990களில்தான் உடலைத் தரைக்கு இணையாக, வாலை நீட்டி மாற்றினார்கள். எதிரெதிரே மட்டும் வைக்காதீர்கள். ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி வருஷத்துக்கு முன், டி-ரெக்ஸ் 6.8 கோடி வருஷத்துக்கு முன்தான் வருகிறது. நமக்கும் டி-ரெக்ஸுக்கும் உள்ள இடைவெளியைவிட அவை இரண்டுக்கும் இடையில் உள்ளது அதிகம். தோட்டத்தின் இரண்டு மூலையில் வைத்து, நடுவில் ஒரு பாதை போடுங்கள். நடந்து போகும்போதே காலம் போவது பையனுக்குப் புரியும்.

மலேசியாவில் இருந்தது. மலாயா பல்கலைக்கழகக் குழு பகாங்கில் கிடைத்த ஒரு பல்லை 2014இல் அறிவித்தது. நீளம் 23 மி.மீ.தான், மீன் தின்னும் ஸ்பைனோசாரிட் வகை. தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கம் கிடைத்த எலும்புகளுக்கு 1979இல் திராவிடோசாரஸ் என்று பெயர் வைத்து, ஸ்டெகோசாரஸின் உறவு என்றார்கள். அது டைனோசரே இல்லை, கடல்வாழ் ஊர்வன என்று பிறகு வாதம் எழுந்தது. அந்த வாதத்தையும் சேர்த்தே பையனுக்குச் சொல்லுங்கள், அப்படித்தான் இந்தப் படிப்பு வளர்கிறது.

பினாங்கு தோட்டக்காரி:

பாதை யோசனை அருமை தம்பி, அதையே செய்கிறோம். கடைசியாக ஒன்று: என்ன நிறம் அடிப்பது? எப்போது அடிப்பது?

வர்ணக்கடை:

நிறத்துக்கு எலும்புப் பித்தன் சொல்லட்டும். நேரம் மட்டும் நான் சொல்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழை குறைவு, அப்போது வைத்துக்கொள்ளுங்கள். காலைப் பனி முழுக்கக் காய்ந்த பிறகு தொடங்கி, மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். நிழலில் அடியுங்கள், தகடு சுடும்போது அடித்தால் பெயின்ட் இழுபடும். முதலில் சின்ன பிரஷால் முதுகுத் தகடுகளின் விளிம்பையும் வெல்டிங் கோட்டையும் மட்டும் ஒரு கை பூசுங்கள். கூரான விளிம்பில் பெயின்ட் தானாக ஒதுங்கி மெலிந்துவிடும், துரு முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். அது காய்ந்த பிறகு முழுசாக அடியுங்கள்.

எலும்புப் பித்தன், கோலாலம்பூர்:

சில டைனோசர்களுக்குத்தான் நிறமிச் சுவடு கிடைத்திருக்கிறது. சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற இறகுள்ள டைனோசர் அதில் ஒன்று, அதன் வாலில் செம்பழுப்புப் பட்டைகள். ஸ்டெகோசாரஸுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. நிறத்தைப் பையனே முடிவு செய்யட்டும் அக்கா.

பட்டர்வொர்த் பட்டறை:

எந்த நிறமானாலும் மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பெயின்ட் எங்காவது பெயர்ந்தால் அந்த வாரமே தேய்த்து பிரைமர் வைத்துவிடுங்கள். வாலை வெட்டியதும் ஒரு படம் போடுங்கள் தங்கச்சி, உள்தகடு எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்கிறேன்.