புதுப்பிப்பு: நேர வலயத் தெரிவு ஆப்பில் வந்துவிட்டது

இலங்கையின் ஹட்டன் பிள்ளைகளுக்கான எங்கள் மாலை நேர டியூஷன் ஆப்பில், லண்டனிலும் தோஹாவிலும் இருந்து பாடம் எடுப்பவர்களுக்கு வகுப்பு நேரத்தை எப்படிக் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது அவரவர் நேர வலயத்தை அவரவரே தெரிவு செய்யலாம்.

பலரும் சொன்னபடி, +5:30 போன்ற எண்களுக்கு (உலகப் பொது நேரமான யூடிசியை விட எத்தனை மணி முன்னே என்பது) பதிலாக ஊர்ப்பெயர்களை வைத்தோம். லண்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும். வெறும் எண்ணுக்கு அது தெரியாது. ஹட்டனில் இரவு 7 மணி வகுப்பு லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் 1.30, கோடையில் 2.30. வாராந்த வகுப்பையும் யூடிசியில் சேமிக்காமல், ‘இரவு 7, ஆசியா/கொழும்பு’ என்றே சேமிக்கிறோம். இலங்கை நேரமே ஒருநாள் மாற்றப்பட்டாலும் பிள்ளைகளுக்கு வகுப்பு நேரம் மாறவே கூடாது, அதுதான் எனக்கு முக்கியம். நடந்து முடிந்த வகுப்புகளின் வருகைப் பதிவு மட்டும் யூடிசியில்.

“கொழும்பும் கொல்கத்தாவும் ஒரே நேரம்தானே, தனித்தனியாக எதற்கு?” என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இன்றைக்கு ஒன்றுதான். ஆனால் இலங்கை 1996 மே மாதம் +6:30க்கும், அதே ஆண்டு அக்டோபரில் +6க்கும் போய், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் ஆப் செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள், அரை மணியில் லக்னமே மாறலாம்.

அப்புறம், முதல் முறை திறக்கும்போது போனின் வலயத்தையே எடுத்துக்கொள்ளும். பயனர் மாற்றினால் அவர் தெரிவுதான் நிற்கும். நினைவூட்டல் செய்தியில் ஊர்ப்பெயரும் சேர்ந்து வரும். கனடாவில் இருப்பவர்கள் யாராவது சோதித்துப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.