ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம்

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் 'அனதர் பிரிக் இன் தி வால்' பாட்டைப் பற்றிப் பேச்சு வந்ததால், என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடமும் எனக்கு ஹாஸ்டல்தான். விடியற்காலை நாலரைக்கு மணி அடித்தால் ஸ்டடி, இரவு பத்தரை வரை ஸ்டடி. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் ஏதாவது எழுதி வைப்பேன். ஒருநாள் கணக்கு வகுப்பில் அது சார் கையில் சிக்கிவிட்டது. மொட்டைமாடிக் கொடியில் மழையில் நனைகிற சட்டைகளைப் பற்றி எட்டு வரி. "கவிஞர் எழுந்து நிற்கலாம்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு வரியையும் இழுத்து இழுத்துப் படித்தார். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் சிரித்தான், அதுதான் இன்னும் உறுத்துகிறது. கடைசியில் அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்து, குப்பைக் கூடையைக் காட்டினார்.

அப்புறம் காலேஜ். ரூம்மேட் ஒருவன் பிங்க் ஃபிளாய்டின் 'தி வால்' படத்தின் சிடி கொண்டுவந்தான். 1982-ல் ஆலன் பார்க்கர் எடுத்தது. 'அனதர் பிரிக்' பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஆசிரியர் ஒரு பையனின் நோட்டைப் பிடுங்கி அவன் எழுதிய கவிதையை வகுப்புக்கே படித்துக் காட்டி நக்கலடிக்கிறார். கையில் ஸ்கேலால் ஒரு அடி. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் அங்கிருந்தே போடச் சொன்னேன். அந்தக் கவிதை, 1973-ல் அதே குழு பாடிப் புகழ்பெற்ற 'மணி' பாட்டின் வரிகள் என்பது பிறகுதான் தெரிந்தது.

படத்தின் அந்தப் பாட்டில், முகமூடி மாட்டிய பிள்ளைகள் வரிசையாக வந்து கறி அரைக்கும் இயந்திரத்தில் விழுவதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு மறக்காதது, எல்லாம் முடிந்தபின் அந்தப் பையன் அடிபட்ட கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

படிப்பே வேண்டாம் என்கிற பாட்டு என்று 'அனதர் பிரிக்'கைச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தான் படித்த கேம்பிரிட்ஜ் பள்ளியை மனதில் வைத்து அந்தக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் எழுதியது அது. வகுப்பில் குத்திப் பேசாதே, பிள்ளைகளின் மனதை ஆட்டிப்படைக்காதே என்றுதான் அது கேட்கிறது. 1980-ல் தென்னாப்பிரிக்காவில் இனஒதுக்கல் கல்வியை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்த கறுப்பின மாணவர்கள் இதைத்தான் பாடினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது நல்ல படிப்பு. அரசு பாட்டையே தடை செய்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1979-ல் அதில் பாடிய 23 பிள்ளைகள் லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளி மாணவர்கள். பெரிய கூட்டம் பாடுவதுபோல் கேட்க, அவர்கள் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இருந்த ஸ்டுடியோவுக்கு அவர்களை அழைத்துப் போனவர் அவர்களின் இசை ஆசிரியர் அலுன் ரென்ஷா. வாத்தியார்களைப் பார்த்து "எங்களை விட்டுவிடுங்கள்" என்று கத்தும் பாட்டை ஒரு வாத்தியாரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்! இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. அப்படி ஒருவர் எங்கள் ஹாஸ்டல் பள்ளியில் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.

இப்போது நானும் பிசிக்ஸ் வாத்தியார். நோட்டு திருத்தும்போது கடைசிப் பக்கத்தைத் திருப்புவதில்லை. போன மாதம் ஒரு பெண் தானாகவே அந்தப் பக்கத்தைத் திறந்து என் மேசையில் வைத்துவிட்டு, "படிங்க சார்" என்று சொல்லி நின்றாள்.