மிளகாய் நாற்றின் இலைகள் சுருண்டு ஓரம் கருகுகின்றன, உடனடியாக உதவி தேவை

எட்டு சென்ட்
வணக்கம். எங்கள் மிளகாய் நாற்றுகளில் இலைகள் சுருண்டுகொண்டே வருகின்றன. சிலவற்றில் ஓரமும் கருகியிருக்கிறது. மொத்தம் 12 குழித்தட்டுகள், அவற்றில் பாதி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த வாரம் நடுவதற்காகப் பாத்தியெல்லாம் போட்டு முடித்துவிட்டேன். எந்த மருந்தை அடித்தால் நிற்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்
விதைத்து எத்தனை நாள் ஆகிறது? சுருள்வது குருத்திலையா, அடியிலையா? மேல்நோக்கிச் சுருள்கிறதா, கீழ்நோக்கியா? எல்லாத் தட்டுகளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா? இவை தெரியாமல் மருந்து சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவதுதான்.

நார்க்கழிவு நாற்றங்கால்
என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுப் பேருக்குத் தென்னை நார்க்கழிவில்தான் கோளாறு. கடலோரத்திலிருந்து வரும் கழிவை நன்றாக அலசாமல் தட்டில் நிரப்பினால், அதிலுள்ள உப்பு இலை ஓரத்தைக் கருக்கிவிடும். போதாக்குறைக்கு அது சுண்ணாம்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால் குருத்து கோணலாக வரும். கால்சியம் நைட்ரேட்டை மிகக் குறைந்த அளவில் கரைத்து ஊற்றிப் பாருங்கள்.

மண்வாசம்
நாற்றுக்குத் தெம்பு இல்லாததால்தான் எல்லாம் வருகிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து இரண்டு முறை தெளியுங்கள், தானாகத் தெளிந்துவிடும். நான் இருபது வருடமாக வேறு எதையும் தொட்டதில்லை.

பழைய பண்ணையம்
இந்தக் கேள்விக்கு இங்கே பல முறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமை புதியவர்களுக்கு இல்லை. நாற்று விடத் தெரியாதவர்கள் நல்ல நாற்றங்காலில் விலைக்கு வாங்குவதே மேல். இது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நச்சுயிரி (வைரஸ்), இதற்கு மருந்து கிடையாது. சுருண்டதைப் பிடுங்கி எரித்துவிட்டு, மீதிக்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை அடியுங்கள்.

எட்டு சென்ட்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். விதைத்து 28 நாள் ஆகிறது. 98 குழித் தட்டு, மேலே நிழல்வலை. குருத்திலைகள்தான் சுருள்கின்றன, அதுவும் கீழ்நோக்கி, கவிழ்த்த படகு மாதிரி. இலைக்காம்பு வழக்கத்தைவிட நீளமாகத் தெரிகிறது. கிழக்குப் பக்கம் உள்ள நான்கு தட்டுகளில்தான் அதிகம், மேற்கே போகப் போகக் குறைவு.

கைக்கண்ணாடி
அண்ணா, நீங்கள் இப்போது சொன்ன மூன்று செய்திகளே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டன. இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலை மேல்நோக்கிக் கிண்ணம் போலச் சுருளும். அந்த நாற்றை வெள்ளைத்தாளின் மேல் தட்டினால் மெல்லிய பூச்சிகள் உதிர்ந்து ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நச்சுயிரியாக இருந்தாலும் பெரும்பாலும் மேல்நோக்கியே சுருளும், அத்துடன் நரம்பு தடித்து மஞ்சளாகி, செடியும் குறுகும். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பும் நீண்டால் மஞ்சள் சிலந்தி என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்; இது வலை பின்னும் சிலந்தி அல்ல, இலையில் சாறு உறிஞ்சும் மிகச் சிறிய உயிரி. நார்க்கழிவின் உப்போ சத்துக்குறையோ காரணம் என்றால், ஒரே கழிவை நிரப்பிய 12 தட்டுகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிந்திருக்கும், ஒரு மூலையில் தொடங்கிப் பரவாது.

இந்தச் சிலந்தியின் நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர் என்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. குருத்துக்கு அடுத்த இலையைக் கிள்ளித் திருப்பி, அடிப்பக்கத்தை 20 மடங்கு காட்டும் லென்சில் பாருங்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில் எண்ணெய்த்துளி போல மினுங்கி நகரும். அதன் முட்டையை ஒரு முறை பார்த்தால் மறக்க முடியாது, கண்ணாடி போன்ற நீள்வட்டத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதித்திருக்கும். இமிடாகுளோபிரிட் சிலந்தியைக் கொல்லாது, தயவுசெய்து அதில் காசை விடாதீர்கள். நனையும் கந்தகம் 80 சதவீதத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்கலாம். கிழக்குப் பக்கத்தில் பழைய மிளகாய்ச் செடி ஏதும் நிற்கிறதா?

மண்வாசம்
கந்தகமும் ரசாயனம்தானே? உண்ணும் பயிரின் நாற்றிலேயே ரசாயனத்தைத் தொடங்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கைக்கண்ணாடி
ஐயா, கந்தகம் இயற்கையில் கிடைக்கும் தனிமம். இயற்கை வேளாண்மைச் சான்று விதிகளிலேயே அதற்குக் கட்டுப்பாட்டுடன் இடம் உண்டு.

பழைய பண்ணையம்
சான்று விதி வேறு, நாற்றங்கால் வேறு. கோடையில் கந்தகம் அடித்து வயலையே கருக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாடித்தோட்டம்
கடும் வெயிலில் அடித்தால் கருகும் என்பது உண்மைதான், அதனால்தான் வெயில் தாழ்ந்த பிறகு என்கிறார். இயற்கையா ரசாயனமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், அவர் நாற்று காத்திருக்கிறது. இன்னொன்று, ஓரக் கருகலுக்கு இதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை. எட்டு சென்ட், ஏற்கெனவே எதையாவது தெளித்தீர்களா?

எட்டு சென்ட்
ஆமாம், நான்கு நாளைக்கு முன்பு வேப்பெண்ணெய் அடித்தேன். இயற்கைப் பொருள்தானே என்று சொல்லாமல் விட்டேன். லிட்டருக்கு 15 மில்லி, பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் கலக்கி, காலை பதினொரு மணி வாக்கில். கிழக்கு வேலியோரம் போன வருடத்து மிளகாய்ச் செடிகள் ஐந்தாறு நிற்கின்றன, அவையும் சுருண்டுதான் இருக்கின்றன.

கைக்கண்ணாடி
அப்படியானால் கந்தகம் வேண்டாம், நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். எண்ணெய் தெளித்த இலையில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இரண்டும் சேர்ந்து இலையைச் சுட்டுவிடும். ஓரக் கருகலுக்குக் காரணமும் கிடைத்துவிட்டது. இளநாற்றுக்கு லிட்டருக்கு 3 மில்லியே போதும் என்கிற இடத்தில் 15 மில்லி, அதுவும் உச்சிவெயிலுக்கு முன்னால் அடித்திருக்கிறீர்கள். ஆகவே சுருளல் சிலந்தியால், கருகல் எண்ணெயால். இரண்டையும் ஒரே நோயாகப் பார்த்ததால்தான் எல்லோரும் குழம்பினோம்.

முதலில் வேலியோரச் செடிகளைப் பிடுங்கிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அங்கிருந்துதான் காற்றிலும், வேலை செய்பவர் கையிலும் சட்டையிலும், வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டும்கூடச் சிலந்தி வந்துசேர்கிறது. குருத்து முழுவதும் முடங்கிய நாற்றுகளையும் கழித்துவிடுங்கள். லென்சில் சிலந்தி உறுதியானால், மிளகாயின் சிலந்திக்கென்று புட்டியின் சீட்டில் போட்டிருக்கும் ஸ்பைரோமெசிஃபென் போன்ற மருந்தை, அதில் உள்ள அளவிலேயே மாலையில் தெளியுங்கள். முதலில் பத்து நாற்றில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். மிளகாய் நாற்றை 35 முதல் 40 நாளில் நட்டால் போதும், அடுத்த வாரமே நட்டாக வேண்டியதில்லை.

நார்க்கழிவு நாற்றங்கால்
கிழக்கு ஓரத்தில் மட்டும் அதிகம் என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஆனாலும் நார்க்கழிவில் நாற்றுக்குப் போதுமான சத்து இல்லை. 18ஆம் நாளில், தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரத்தை அரை சதவீதக் கரைசலாக ஊற்றவில்லை என்றால், இலை தேறிய பிறகாவது ஊற்றுங்கள்.

எட்டு சென்ட்
பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன், முட்டைகள் நீங்கள் சொன்னபடியே இருந்தன. மூன்று தட்டுகளைக் கழித்தேன். மருந்துக்குப் பிறகு வந்த இலைகள் தட்டையாக விரிந்திருக்கின்றன, கருகிய ஓரங்கள் அப்படியே இருக்கின்றன. நாளை நடவு. எல்லோருக்கும் நன்றி.

மாடித்தோட்டம்
மகிழ்ச்சி. வேலியோரச் செடிகளைப் பிடுங்கிவிட்டீர்களா?