தைராய்டு எடுத்த பிறகு நாக்கடியில் புள்ளி: பார்த்தவர்கள் சொல்வது

ஸ்கேன் பிரிவு, தண்டையார்பேட்டை

தைராய்டு புற்றுக்காகச் சுரப்பியை எடுத்தவர்களுக்கு அயோடின்-131 (கதிரியக்க அயோடின்) கொடுத்து ஸ்கேன் எடுப்போம். அதில் கழுத்துக்கு மேலே நடுக்கோட்டில் புள்ளி தெரிந்தால், "புற்று பரவிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கருவில் தைராய்டு உருவாவதே நாக்கின் பின்பக்க அடிப்பகுதியில்தான். கழுத்துக்கு இறங்கும் வழியில் கொஞ்சம் திசு தங்கிவிடலாம். பெரிய சுரப்பி இருக்கும்வரை அயோடினை அதுவே இழுத்துக்கொள்ளும். அதை எடுத்த பின்புதான் இந்தத் துணுக்கு பளிச்சென்று தெரியும்.

ஆனால் எச்சிலிலும் அயோடின் வரும். தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி படமெடுத்தால் எச்சில் புள்ளி மங்கும், திசு அசையாது. துணியில் எச்சில் பட்டிருந்தாலும் ஏமாற்றும். உடையை மாற்றிவிட்டு எடுக்கணும். தட்டைப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக்கூடாது. ஸ்பெக்ட்-சிடி (அயோடின் படத்தையும் சிடி படத்தையும் சேர்த்துக் காட்டும் முப்பரிமாண ஸ்கேன்) எடுத்தால் புள்ளி நாக்கடியிலா, நிணநீர்க் கணுவிலா, எலும்பிலா என்று பிரித்துச் சொல்லலாம்.

ஆய்வகம், ராயபுரம்

ஸ்கேன் பிரிவு அக்கா சொன்னதோடு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பாருங்கள். தங்கிப்போன நல்ல திசுவும் தைரோகுளோபுலின் (தைராய்டு திசு உண்டாக்கும் புரதம்) சுரக்கும், அதனால் அளவு பூஜ்ஜியமாக இல்லை என்பதாலேயே புற்று என்று ஆகிவிடாது. தைரோகுளோபுலினுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறதா என்ற சோதனையும் கூடவே வேண்டும். அது பாசிட்டிவ் என்றால் தைரோகுளோபுலின் பொய்யாகக் குறைந்து காட்டும். அந்தக் குறைந்த எண்ணை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவதுதான் ஆபத்து.

உணவு ஆலோசனை, காசிமேடு

ஸ்கேனுக்கு முன் 1 முதல் 2 வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு, ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குள். நம்ம பக்கம் இதுதான் கஷ்டம். வஞ்சிரம், இறால், நெத்திலி, கருவாடு எதுவும் கூடாது. பால், தயிர், முட்டை மஞ்சள் கருவும் வேண்டாம். அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்கணும் என்பது சட்டம். ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் போட்டாலே குறைந்தது 75 மைக்ரோகிராம் ஆகிவிடும். கல்லுப்பு என்றாலே அயோடின் இல்லை என்று நினைக்காதீர்கள், பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். அத்தோ, பிரியாணி என்று வெளிச் சாப்பாடு எதுவும் வேண்டாம், என்ன உப்பு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. சோறு, காய்கறி, பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம்.

ஸ்கேன் பிரிவு, தண்டையார்பேட்டை

சாயம் ஏற்றி சிடி எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்தச் சாயத்திலும் அயோடின் உண்டு, குறைந்தது 6 முதல் 8 வாரம் தள்ளிப்போடுவார்கள். பெட்டாடின் வாய் கொப்பளிப்பிலும் அயோடின் உண்டு, அதையும் சொல்லுங்கள். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறுவதற்கு தைராக்சின் மாத்திரையை நிறுத்துவதா, டிஎஸ்எச் ஊசி போடுவதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார், நீங்களாக நிறுத்தாதீர்கள். டிஎஸ்எச் 30-க்கு மேல் ஏறினால்தான் படம் நன்றாக வரும். கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகே கதிரியக்க அயோடின் கொடுப்பார்கள். வரும்போது ஆபரேஷன் குறிப்பும் பயாப்சி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.