பஸ் தரிப்பிடத்துப் பெடியன்

எங்கள் குடும்பக் குழு, ரொறன்ரோ, ஞாயிறு காலை

நான்: நேற்று இரவு வேலை முடிந்து வரும்போது பஸ் தரிப்பிடத்தில் ஒரு பெடியன் விழுந்து கிடந்தான். குறட்டை மாதிரி ஒரு சத்தம். உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது. ஓபியாயிட் (அபின் வகைப் போதைமருந்து) அளவு மீறியது மாதிரித் தெரிந்தது. 911க்கு அடித்துவிட்டு, அதை முறிக்கிற நலோக்சோன் மருந்தைப் பையிலிருந்து எடுத்து மூக்கில் அடித்தேன். கை இன்னும் நடுங்குகிறது.

பெரியம்மா: ஐயோ பிள்ளை! பொலிஸ் உன்னைப் பிடித்திருந்தால்?

நான்: பிடிக்க மாட்டார்கள் பெரியம்மா. 2017இல் சட்டமே வந்துவிட்டது. உதவிக்கு அழைத்தவர் மீதும் விழுந்தவர் மீதும், கையில் போதைப்பொருள் வைத்திருந்தார்கள் என்று வழக்குப் போட முடியாது.

சின்ன மாமா: போதை ஊசியை நர்ஸ் கண்காணிப்பில் போட இடம் கொடுத்ததால் வந்த வினை. 2023இல் இங்கே ரொறன்ரோ லெஸ்லிவில் பகுதியில் அப்படி ஓர் இடத்துக்கு முன்னால் ஒரு தாய் குண்டுபட்டுச் செத்தாள். மறந்துவிட்டீர்களா?

அக்கா: மறக்கவில்லை மாமா, அது பெரிய கொடுமை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு 200 மீற்றருக்குள் இருந்த இடங்களை 2025 மார்ச்சோடு ஒன்ராறியோ அரசு மூட வைத்ததே, அங்கே போனவர்கள் இப்போது எங்கே போவார்கள்? பஸ் தரிப்பிடத்துக்கும் கோப்பிக்கடைக் கழிவறைக்கும்தான். அங்கே நர்ஸ் இல்லை. வன்கூவரில் 2003இல் தொடங்கிய இடத்தை மூட மத்திய அரசு எவ்வளவோ பார்த்தது. 2011இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் திறந்திருக்கட்டும் என்றார்கள்.

சின்ன மாமா: சிகிச்சை கொடுக்கத்தானே புது நிலையங்கள் திறக்கிறார்கள்?

அக்கா: ஓம், அது நல்லது. ஆனால் அங்கே கண்காணிப்பில் ஊசி போடவும் விடுவதில்லை, சுத்தமான ஊசியும் கொடுப்பதில்லை. இரண்டும் வேண்டும் மாமா. 2016இலிருந்து கனடாவில் ஓபியாயிடால் 50,000 பேருக்கு மேல் செத்துப் போய்விட்டார்கள்.

தம்பி: தெருவில் கிடப்பவர்கள் மட்டும் இல்லை. பார்ட்டியில் யாரோ கொடுக்கிற மாத்திரையிலும் ஃபென்டனில் என்கிற மிகக் கடுமையான ஓபியாயிட் இருக்கலாம். பார்த்தால் பார்மசி மாத்திரை மாதிரியே இருக்கும்.

பெரியம்மா: எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை.

நான்: பெரியப்பாவுக்கு முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகு தந்த வலி மாத்திரை?

பெரியம்மா: அலுமாரியில் கிடக்கிறது. ஹைட்ரோமோர்போன் என்று போட்டிருக்கிறது. அதுவுமா?

அக்கா: அதுவும் ஓபியாயிட்தான் பெரியம்மா. பேரப்பிள்ளைகள் ஓடித் திரிகிற வீடு. மிச்சத்தைப் பார்மசியில் திருப்பிக் கொடுங்கோ, எடுத்துக்கொள்வார்கள். நலோக்சோனும் அங்கேயே காசில்லாமல் தருவார்கள்.

சின்ன மாமா: பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம் என்பதில் நான் மாற மாட்டேன். ஆனால் அந்த மருந்தை எப்படிப் பாவிப்பது?

நான்: ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு மூக்குத் துவாரத்தில் ஒரு தடவை. மூச்சு சரியாக வராவிட்டால் வாயில் ஊதிக்கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் எழும்பாவிட்டால் மற்றத் துவாரத்தில் இரண்டாவது. அப்புறம் விட்டுவிட்டுப் போகக் கூடாது. மருந்தின் வேகம் 20 முதல் 90 நிமிடத்துக்குள் இறங்கிவிடும், ஆள் திரும்பவும் மயங்கலாம். ஓபியாயிட் எடுக்காதவருக்குத் தவறி அடித்தாலும் கெடுதல் இல்லை.

நான்: பெரியம்மா, 11 மணிக்குக் கார் கொண்டுவருகிறேன். மாத்திரைப் போத்தலை எடுத்து வையுங்கோ.

பெரியம்மா: சரி பிள்ளை. அந்தப் பெடியன் கண் முழித்தானா? நீ சொல்லவே இல்லையே.

நான்: இரண்டாவது தடவை அடித்த பிறகு முழித்தான். குளிருது என்றான். என் ஜாக்கெட்டைப் போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருந்தேன்.