தொன்சாய் பாறையில் அறிமுகமான மோலாம் இசை

தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் உள்ள ரெய்லே, தொன்சாய் கடற்கரைகள் தீவுகள் அல்ல. ஆயினும் செங்குத்தான சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிலப்பக்கத்தை அடைத்து நிற்பதால், ஆவ் நாங்கிலிருந்து படகில்தான் அங்கே செல்ல வேண்டும். வெளிநாட்டில் நான் முதன்முதலில் பாறை ஏறியது அங்கேதான். கருங்கல்லில் பழகியவருக்குச் சுண்ணாம்புக்கல் முற்றிலும் வேறு. கருங்கல்லில் உராய்வை நம்பிக் காலை வைக்கிறோம். இங்கோ நீர் நெடுங்காலமாகக் கரைத்துச் செதுக்கிய துளைகளும், மேலிருந்து இறங்கும் கல்விழுதுகளுமே பிடிகளாகின்றன. தொன்சாயின் பல சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்ந்திருப்பதால் முன்கை விரைவில் இறுகிவிடும். அப்போது விழுதுகளின் இடுக்கில் முழங்காலைச் செருகி, கைகளை விட்டு ஓய்வெடுப்பதைப் போன்ற சுகம் வேறில்லை.

அங்கு ஏற நினைப்பவர்கள், கயிற்றைத் தாங்கப் பாறையில் பதித்திருக்கும் போல்ட்டுகளைக் கவனித்துப் பார்ப்பது அவசியம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து துருப்பிடிக்காத எஃகையும் உள்ளுக்குள் அரிக்கின்றன. வெளியே பளபளப்பாகத் தெரியும் போல்ட் உள்ளே விரிசல் கண்டிருக்கக்கூடும். இதனால்தான் பழையவற்றை அகற்றிவிட்டு, டைட்டேனியம் போல்ட்டுகளைத் துளையில் பசையிட்டுப் பதித்து வருகிறார்கள். எந்த வழித்தடத்தில் மாற்றிவிட்டார்கள் என்பதை உள்ளூர் வழிகாட்டிகளிடம் கேட்டுவிட்டு ஏறுவதே நல்லது.

நான் தனியாகச் சென்றிருந்ததால், கயிறு பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் வடகிழக்கிலுள்ள ஈசான் பகுதியைச் சேர்ந்த வழிகாட்டி ஒருவர் அறிமுகமானார். பகலில் அவர் அதிகம் பேசமாட்டார். பாறையடியில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடுவோரைக் கண்டால் மட்டும் முகம் சுளிப்பார். மேலே ஏறுபவர் கயிற்றைத் தளர்த்தச் சொல்கிறாரா, இறுக்கச் சொல்கிறாரா என்பது கீழே நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டிய இடத்தில் அது ஆபத்து என்பார். எனக்கும் அதே கருத்துதான். மாலையில் கயிற்றைச் சுருட்டி வைத்த பிறகோ, அவருடைய கைப்பேசி ஓயாது.

முதலில் அவர் போட்டுக்காட்டியது, தி பாரடைஸ் பாங்காக் மோலாம் இன்டர்நேஷனல் பேண்ட் என்னும் குழு 2014-இல் வெளியிட்ட முதல் தொகுப்பு. மோலாம் என்பது ஈசானிலும் லாவோஸிலும் வழங்கும் பாட்டு மரபு. மூங்கில் குழாய்களை அடுக்கிச் செய்த ‘கேன்’ என்னும் வாய்க்கருவி சுருதியை விடாமல் பிடித்துக்கொள்ள, ‘ஃபின்’ என்னும் நரம்புக்கருவி ஒரே சிறு இசைத்துணுக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மாற்றிக்கொண்டே போகும். அதற்கடியில் இந்தக் குழு பேஸ் கிட்டாரையும் டிரம்ஸையும் சேர்த்திருக்கிறது. பழைய மரபைக் காட்சிப்பொருளாக்காமல், ஆடுவதற்கான இசையாகவே வைத்திருப்பதுதான் அதன் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த க்ருவாங்பின் என்னும் மூவர் குழுவின் இசையை நான் அதற்கு முன்பே விரும்பிக் கேட்டு வந்தேன். அவர்களுடைய கிட்டாரில் நெளியும் அந்தச் சாயல், 1960களிலும் 70களிலும் வந்த தாய்லாந்துப் பாடல்களிலிருந்து எடுத்துக்கொண்டது என்பது ஃபின்னைக் கேட்ட பிறகே எனக்கு நன்றாக உறைத்தது. தாய்லாந்துப் பாடகர் பூம் விபுரித்தைப் பற்றியும் அந்த வழிகாட்டிதான் சொன்னார். 2018-இல் வந்த ‘லவ்வர் பாய்’ பாடல் இனிமையானதுதான். ஆனால் எந்த நகரத்திலும் பிறந்திருக்கக்கூடிய இனிமை அது. இதை அவரிடம் சொன்னதற்கு, எப்போதும் மூங்கில் குழலையே கேட்டுக்கொண்டிருக்க ஈசான்காரர்கள் என்ன அருங்காட்சியகத்திலா வாழ்கிறார்கள் என்று சிரித்தார்.

திரும்பும் வழியில், பாங்காக்கின் சுக்கும்வித் சோய் 51-இல் இருந்த சுத்ராங்மா இசைத்தட்டுக் கடைக்குச் செல்லும்படி சொன்னதும் அவர்தான். அங்கே கிடைத்தது ‘தி சவுண்ட் ஆஃப் சியாம்’ என்னும் தொகுப்பு. 1964 முதல் 1975 வரையிலான பாடல்களைத் திரட்டி 2010-இல் வெளியிடப்பட்டது. மோலாமைத் தேடி வாங்கிய அந்தத் தட்டில், எலெக்ட்ரிக் கிட்டாரும் நாட்டுப்புறக் குரலும் கலந்த லூக் துங் பாடல்களையே இப்போது அதிகம் கேட்கிறேன். இதை அவருக்கு எழுதியதும் லூக் துங் பாடகர்களின் நீண்ட பட்டியல் ஒன்றை அனுப்பினார். முழுவதும் தாய் எழுத்தில் இருப்பதால், ஒவ்வொரு பெயராக நகலெடுத்துத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.