வளவுச் சருகைக் குவிச்சு எருவாக்கினவங்க உங்கட அனுபவத்தை எழுதுங்க

கல்லடிக்காரி:
மா, பலா, பூவரசு எல்லாம் கச்சான் காத்துக்கு எவ்வளவு கொட்டும் எண்டு உங்களுக்குத் தெரியும். எரிக்க மனசில்லாம வேலியோரம் கிடுகால மறைச்சுக் குவிச்சு வந்தன். மாரி மழை இறங்கி அடிப்பக்கம் கறுத்திட்டு. மறுகா வெயில் ஏற மேல் சருகு காய்ஞ்சு கிடந்திச்சு. ஒருநாள் கந்தோர் முடிஞ்சு வரக்குள்ள படலையடியில புகை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா நுளம்புக்கெண்டு பத்த வெச்சிட்டா. “பிள்ளைக்கு நேரமில்ல, நான் துப்பரவாக்கித் தந்தன்” எண்டு ஈர்க்குமாறோட நிக்கிறா. தண்ணி ஊத்திக் கிண்டினா, சாம்பலுக்குக் கீழ நல்ல கரிய மண். அதுக்குள்ள மண்புழு எல்லாம் வெளிறிச் சுருண்டு அவிஞ்சு கிடக்கு. எனக்கு வாய் வரல்ல. சின்னதில எனக்குத் தலை இழுத்து விட்டவ அவ. இன்னும் ஒண்டும் சொல்லல்ல. இப்பிடி நடந்தவங்க எப்பிடிச் சொன்னீங்க?

தம்பிலுவில் ரீச்சர்:
என்ட குவியல்ல முட்டை. புரட்டுறத்துக்கு மண்வெட்டியை வெச்ச இடத்தில, வெள்ளையா, ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு. கோழிமுட்டை மாதிரி ஓடு இல்ல, தோல். தொட்டா அமுங்கிச்சு. சருகு உக்குற சூடு முட்டைக்கு வாய்ப்பு, அதுதான் பாம்பு தேடி வந்திருக்கு. சாரை எண்டார் அவர். நாகம் எண்டாங்க அயலாக்கள், மண்ணெண்ணெய்ப் போத்தலோட வந்திட்டாங்க. புடையன் எண்டா முட்டையே இடாது, குட்டிதான் போடும், அந்தப் பயம் இல்ல. நான் விடல்ல. எடுத்த சருகை அப்பிடியே மேல போட்டு மூடி, பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவேணாம் எண்டன். மாரிக்குப் பிறகு திறந்தா வெறும் தோல்கள் சுருங்கிக் கிடந்திச்சு. சாரையா நாகமா எண்டு இண்டைக்கும் தெரியாது. ராவில வளவுக்குள்ள இறங்கினா அந்த நினைப்புத்தான்.

களுதாவளைத் தோட்டக்காரன்:
கல்லடித் தங்கச்சி, பெரியம்மாவை நோக வேணாம். காய்ஞ்ச சருகை மூடாம வெச்சா யாராவது பத்த வைக்கத்தான் செய்வாங்க. ரீச்சர் முட்டையை மூடினது எனக்குச் சரியாப் படல்ல, பிள்ளைகள் திரியிற வளவு. எனக்கு நடந்தது வண்டு. மகள் பிறந்த வருஷம் வெச்ச தென்னை, குருத்து விரிய ஓலையெல்லாம் கத்தரியால வெட்டின மாதிரி. எருக்கிடங்கைக் கிண்டினா பெருவிரல் தடிப்பில வெள்ளைப் புழு, வளைஞ்சு வளைஞ்சு கிடக்கு. தென்னங்குருத்தைத் துளைக்கிற கறுத்த வண்டுட பிள்ளைகள். அந்தத் தென்னை தப்பல்ல.

அதாலதான் சொல்றன், குவிச்சுப் போட்டு மறந்தா எருவாகாது. மாவிலை, பலாவிலை தோல் தடிப்பு, முதல்ல மிதிச்சு நொறுக்குங்க. சருகு 3 கூடைக்குப் பச்சையா ஒரு கூடை, கிளிசரியாக் குழை எண்டா நல்லம். இடைக்கிடை மாட்டெரு. சருகில தழைச்சத்து குறைவு, நுண்ணுயிர் அதுக்குத்தான் காத்திருக்கும். 3 அடி உயரம், 3 அடி அகலத்துக்குக் குறைஞ்சா சூடு பிடிக்காது. 55 பாகை தாண்டினாத்தான் புல்விதை சாகும். ஒரு பிடி எடுத்துப் பிழிஞ்சா ஒண்டு ரெண்டு சொட்டு வரணும், வழிஞ்சா தண்ணி கூட. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா புரட்டுங்க, புழு இருந்தா பொறுக்கிக் கோழிக்குப் போடுங்க. மாரியில தறப்பாளால மூடுங்க, இல்லாட்டி சத்தெல்லாம் மணலுக்குள்ள இறங்கிரும்.

கல்லடிக்காரி:
அண்ணன், எரு செய்யிற விதம் நான் கேட்கல்ல. அவவிட்ட எப்பிடிச் சொல்றதெண்டுதான் கேட்டன்.

கொக்கட்டிச்சோலைப் பிள்ளை, இப்ப லண்டன்:
சருகு மட்டும் எருவாகாது எண்டதை நான் ஏற்க மாட்டன். இங்க ஒக்டோபர், நவம்பரில மரம் மொட்டையாகும். அந்த இலையை நனைச்சுப் பையில கட்டி, ஓட்டை போட்டு மூலையில விட்டிருவாங்க. சாணியும் இல்ல, புரட்டுறதும் இல்ல, சூடும் ஏறாது. குளிருக்குள்ள பூஞ்சணம்தான் மெல்ல மெல்லத் தின்னும். ஒரு வருஷம், ஓக் இலை எண்டா ரெண்டும் ஆகும். சத்துக் குறைவு, ஆனா தண்ணியைப் பிடிச்சு வைக்கும். நம்மட கடற்கரை மணலுக்கு வேண்டியது அதுதானே. முதல் பையை அவிழ்த்த நேரம் அம்மாட வளவு முதல் மழைக்கு மணக்கிற மணம். கைகழுவாம பின்வாசல்ல நிண்டன். அம்மா போன வருஷம் மோசம் போயிட்டா.

அக்கரைப்பற்றான்:
உங்கட வளவு எரு உங்கட கையால செய்தது. 2021ல அரசாங்கம் ரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தின நேரம் எங்களுக்குச் சேதனப் பசளை எண்டு பேக்கில வந்திச்சு. வாப்பா வயல் வரம்பில குந்தி ஒரு பேக்கை அவிழ்த்து, கையை விட்டு அளைஞ்சு பார்த்தார். கண்ணாடித் துண்டு உள்ளங்கையைக் கிழிச்சிட்டு. அந்த ரத்தத்தோட கையைத் தூக்கிக் காட்டி, “இது எருவாடா மகன்?” எண்டு கேட்டார். பொலித்தீன், சொப்பிங் பேக் துணுக்கு எல்லாம் அதுக்குள்ள இருந்திச்சு. அந்த வருஷம் நவம்பர்ல தடையை எடுத்தாங்க, விதைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். எங்கட வேளாண்மை மஞ்சளிச்சுத்தான் நிண்டிச்சு. உம்மா இப்ப வளவு வேப்பஞ்சருகைக் கூட்டினா வாப்பா ஒரு கடகத்தையும் எரிக்க விடுறல்ல.

களுதாவளைத் தோட்டக்காரன்:
காக்கா, கடைப் பசளை எண்டா முதல்ல அரிதட்டில அரிங்க. பெரிய கண்ணாடி, பொலித்தீன் மேல நிக்கும். சின்னத் துணுக்கு, கண்ணாடியும் கூட, கீழ இறங்கிரும், அதை வெயில்ல பரப்பி வெச்சுக் கவனமாப் பொறுக்கணும்.